அந்தப் பத்தடிக் குழாய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு மழைநீர். அது பெரிய தலைப்பு. ஏரி, குளம், ஆறு, அணை எல்லாம் அதுக்குள்ள வரும். நான் பிளம்பிங் வேலை பார்க்கிறவ. குழு மூலமா பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவ. அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு பொருளைப் பத்தி மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடறேன். மொட்டைமாடியில விழுற மழைத்தண்ணியைத் தரைக்குக் கொண்டு வர்ற குழாய்தான் அது.

நம்ம ஊர்கள்ல குழுக்கடன் வாங்கிக் கட்டின வீடுகள், அரசுத் திட்டத்துல கட்டின வீடுகள், எல்லாத்தையும் ஒரு தடவை சுத்திப் பாருங்க. தளம் போட்டிருக்கும். கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கும். பெயின்ட் அடிச்சு வாசல்ல பேரு எழுதியிருக்கும். கைப்பிடிச் சுவருக்கு அடியில ஒரு ஓட்டை போட்டு, ஒரு முழம் பி.வி.சி. குழாயைச் சொருகி, வெளியே நீட்டி விட்டிருப்பாங்க. அவ்வளவுதான். அந்தக் குழாயோட வாய்க்கும் தரைக்கும் நடுவுல பத்தடி இருக்கு. அந்தப் பத்தடிக்குக் குழாய் கிடையாது. தண்ணி அந்தரத்துல இருந்து நேரா சுவர் ஓரத்துல விழுது.

வீடு கட்ட லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு, கடைசியில பத்தடிக் குழாயை விட்டுடறோம். அதனால என்ன ஆகுது, அதை எப்படிச் சரி பண்றது, இதுல நம்ம கூட்டமைப்பு என்ன செய்யலாம்? இந்த மூணையும் சொல்றேன்.

முதல்ல எவ்வளவு தண்ணின்னு ஒரு கணக்குப் போடுவோம். வட்டிக் கணக்கை மனசுலயே போடுறவங்க நாம, இது ஒண்ணும் கஷ்டம் இல்லை. ஒரு சதுர மீட்டர் இடத்துல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா அது ஒரு லிட்டர் தண்ணி. 300 சதுர அடித் தளம்னா ஏறக்குறைய 28 சதுர மீட்டர். டி.வி. செய்தியில “ஒரு சென்டிமீட்டர் மழை பதிவானது”ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிடறாங்க. அந்த ஒரு சென்டிமீட்டர் மழைக்கு உங்க தளத்துல விழறது 280 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும்னு வச்சா 18 குடத்துக்கு மேல. ஒரு ராத்திரியில 10 சென்டிமீட்டர் கொட்டிச்சுன்னா 2,800 லிட்டர். 180 குடத்துக்கு மேல. பக்கத்து வீட்டுக்காரங்க 180 குடம் தண்ணியைக் கொண்டாந்து உங்க சுவர் ஓரமா ஒரே இடத்துல ஊத்தினா சும்மா விடுவீங்களா? நம்ம வீட்டுத் தளமே அதைச் செய்யுது. நாம பார்த்துக்கிட்டு இருக்கோம்.

நம்ம பாட்டி காலத்துல இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. அதுக்குக் காரணம் இருக்கு. அன்னைக்கு ஓலைக் கூரை, ஓட்டுக் கூரை. கூரை சரிவா இருக்கும். இறவாணம் சுவரைத் தாண்டி ரெண்டு மூணு அடி வெளியே நீண்டிருக்கும். கூரையில விழுற தண்ணி நீளம் முழுக்கப் பிரிஞ்சு, சுவரைத் தொடாம, தள்ளி விழும். மண் சுவர் வீடுகூட அப்படித்தான் தலைமுறை கடந்து நின்னுச்சு. செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகள்ல நாலு பக்கக் கூரைத் தண்ணியும் நடு முற்றத்துல விழும். அங்கே அண்டா, குண்டான் வச்சுப் பிடிச்சுக்குவாங்க.

கான்கிரீட் தளம் வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு. தளம் தட்டையா இருக்கு. சுத்திலும் கைப்பிடிச் சுவர். முன்னாடி முப்பது அடி நீளத்துக்குப் பிரிஞ்சு விழுந்த தண்ணி, இப்போ ஒரு ஓட்டை வழியா, ஒரே இடத்துல விழுது. ஓட்டு வீட்டுக்குக் குழாய் இல்லாம ஒப்பேத்திடலாம். தளம் போட்ட வீட்டுக்கு முடியாது.

அப்படி விழுற தண்ணி முதல்ல மண்ணைத் தோண்டும். சேறு தெறிச்சு சுவர்ல அடிக்கும். பள்ளத்துல நின்ன தண்ணி அஸ்திவாரத்துக்குள்ள இறங்கும். அங்கிருந்து செங்கல் வழியா மேலே ஏறும். அதைத்தான் ஓதம்னு சொல்றோம். பூச்சு உப்பும், உதிரும். களிமண், கரிசல் மண்ணா இருந்தா இன்னும் மோசம். அந்த மண் ஈரத்துல உப்பும், வெயில்ல சுருங்கும். அஸ்திவாரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் இப்படி உப்பிச் சுருங்கினா மூலையில விரிசல் விடும்.

நான் வேலைக்குப் போன ஒரு வீட்டைச் சொல்றேன். பேரு வேண்டாம், குழு உறுப்பினர்தான். கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டிருந்தாங்க. வெளிச்சத்துக்காகப் பின்பக்க ஜன்னல் ஓரமா வச்சிருந்தாங்க. அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம்தான் அந்த ஒரு முழக் குழாய். ரெண்டே மழைக்காலத்துல உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிடுச்சு. தைக்க வந்த துணியில பூஞ்சை வாடை. ஒருத்தங்களோட பட்டு ரவிக்கைத் துணியில கறை பட்டு, அதுக்குக் கைக்காசு கொடுத்துச் சமாதானம் பண்ணாங்க. மிஷினை உள்ளே தள்ளிப் போட்டா வெளிச்சம் இல்லை, சாயங்காலம் தைக்க முடியலை. மிஷின் கடன் தவணை ஒரு பக்கம் ஓடுது. இதுக்கு நடுவுல குழுவுல உள்கடன் வாங்கி அந்தச் சுவரைப் பூசினாங்க. அடுத்த மழைக்கு அந்தப் பூச்சும் உதிர்ந்துடுச்சு.

அந்தச் சுவரை ரெண்டு கொத்தனார் வந்து பார்த்திருக்காங்க. ரெண்டு பேரும் பூச்சைப் பத்திதான் பேசினாங்களே தவிர, வெளியே போய் மேலே நிமிர்ந்து பார்க்கலை. நான் போனப்போ செஞ்சது பெரிய வேலை ஒண்ணும் இல்லை. மேலே ஒரு எல்போ, பத்தடிக் குழாய், மூணு கிளாம்ப்பு, கீழே தண்ணியைத் தள்ளி விட ஒரு வளைவு. அரை நாள் வேலை. “உடனே பூசாதீங்க அக்கா, ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும், அப்புறம் பூசுங்க”ன்னு சொன்னேன். அப்படியே செஞ்சாங்க. இப்போ மிஷின் மறுபடி ஜன்னல் ஓரத்துக்கு வந்துடுச்சு. உங்க வீட்டுலயும் ஓதம் இருந்தா வரிசையை மாத்திடாதீங்க. முதல்ல தண்ணியை நிறுத்தணும், அடுத்து சுவரைக் காயவிடணும், கடைசியிலதான் பூச்சு.

“எங்க வீட்டுல குழாய் இருக்கே”ன்னு சில பேர் சொல்வீங்க. 2003-ல தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. அப்போ அவசர அவசரமா எல்லாரும் குழாய் மாட்டினோம். நல்ல விஷயம்தான். பல ஊர்ல கிணத்துல தண்ணி மேலே வந்துச்சு. ஆனா இத்தனை வருஷத்துல அந்தக் குழாய்கள் என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்க. சிலது பாதிச் சுவர்ல முடிஞ்சு நிக்குது. சிலதுக்குள்ள அணில் கூடு கட்டியிருக்கு. சிலது தொட்டிக்குள்ள போகுது, தொட்டி முழுக்க மண்ணும் குப்பையும். குழாய் மாட்டினா மட்டும் போதாது. தளத்துல ஆரம்பிச்சுத் தண்ணி போய்ச் சேர்ற இடம் வரைக்கும் வழி சுத்தமா இருக்கணும்.

அந்த வழியை மேல், நடு, கீழ்னு மூணாப் பிரிச்சுச் சொல்றேன். கொஞ்சம் குறிச்சுக்கோங்க.

மேல். தளத்துல வாட்டம் ஓட்டையைப் பார்த்து இருக்கணும். இதைச் சோதிக்கப் படிப்பு வேண்டாம். ஒரு குடம் தண்ணியைத் தளத்துல எதிர்மூலையில ஊத்துங்க. அது தானா ஓட்டைக்கு ஓடி வரணும். நடுவுல நின்னா வாட்டம் சரியில்லை. மேஸ்திரிக்குக் கடைசிக் கூலி கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைப் பண்ணுங்க. அடுத்து, ஓட்டை வாயில சல்லடை இருக்கணும். தட்டையான சல்லடைன்னா ஒரு வாழைச் சருகோ பிளாஸ்டிக் பையோ மூடிக்கும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி குமிழா இருக்கிற சல்லடை வாங்குங்க, அது சீக்கிரம் அடைக்காது.

ஒரே ஒரு ஓட்டையோட விடாதீங்க. ரெண்டு இருக்கணும். ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஒரே ஓட்டை இருந்து அது அடைச்சுக்கிட்டா, தளமே தொட்டி ஆகிடும். 300 சதுர அடித் தளத்துல நாலு அங்குலம் தண்ணி நின்னா அதோட எடை ஏறக்குறைய 2,800 கிலோ. அந்தப் பாரம் உங்க தலைக்கு மேலே இருக்கும்.

நடு. இங்கே முதல் கேள்வி குழாயோட அளவு. “மூணு அங்குலம் போதும்மா”ன்னு சொல்வாங்க. மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்துல மழை அடிச்சா, நாலு அங்குலக் குழாய் ஏறக்குறைய 450 சதுர அடித் தளத்துத் தண்ணியை இறக்கும். மூணு அங்குலக் குழாய் 220 சதுர அடியைத்தான் தாங்கும். ஒரு அங்குலம் குறைஞ்சா வேலை பாதியாக் குறையுது. அதனால நாலு அங்குலமே கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, குழாயோட அகன்ற வாய் மேலே பார்த்து இருக்கணும். அடுப்படியில எண்ணெய் ஊத்தும்போது புனலை எப்படி வைப்போமோ அப்படி. தலைகீழா மாட்டினா இணைப்புல தண்ணி கசிஞ்சு சுவருக்குத்தான் போகும். மூணாவது, அஞ்சாறு அடிக்கு ஒரு கிளாம்ப்பு. குழாய் சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, ஒரு விரல் இடைவெளி வேணும். நாலாவது, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வளைவு வந்தே தீரணும்னா திறந்து மூடுற மூடி வச்ச எல்போ போடுங்க, டோர் எல்போன்னு கேட்டா கடையில கொடுப்பாங்க. அடைச்சா குழாயை அறுக்க வேண்டாம், மூடியைத் திறந்து குப்பையை எடுத்துடலாம்.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். மழைத்தண்ணிக் குழாயைக் கக்கூஸ் குழாயோட சேர்க்காதீங்க. செலவு மிச்சம்னு சில இடத்துல சேர்த்து விடறாங்க. பெரிய மழை வந்தா செப்டிக் டேங்க் நிரம்பி வீட்டுக்குள்ளயே எதிர்த்து வரும்.

கீழ். இதுதான் முக்கியம், இதைத்தான் விட்டுடறோம். குழாய் தரைக்கு வந்த பிறகு தண்ணி எங்கே போகுது? எதுவும் செய்ய வசதி இல்லைன்னாகூட, கீழே வளைவு வச்சு, அது விழுற இடத்துல ஒரு கல்லைப் போட்டு, சிமென்ட் வாய்க்காலோ குழாயோ வச்சு சுவரை விட்டு அஞ்சாறு அடி தள்ளி விடுங்க. அது சுவரைக் காப்பாத்தும்.

அதுக்கு மேலே செய்ய முடிஞ்சா மூணு வழி இருக்கு. ஒண்ணு, டிரம். மேடை கட்டி அது மேலே டிரம் வச்சு, அடியில டேப்பு போட்டுக்கலாம். வழியிற தண்ணிக்கு ஒரு குழாய் வச்சுத் தள்ளி விடணும். பருவத்தோட முதல் மழையைப் பிடிக்காதீங்க, அதுல தளத்துத் தூசி, காக்கா எச்சம் எல்லாம் இருக்கும். அப்புறம் வர்ற ஒவ்வொரு மழையிலயும் முதல் பத்துப் பதினஞ்சு நிமிஷத் தண்ணியை வெளியே விட்டுடுங்க. பாத்திரம் கழுவ, துணி துவைக்க, மாட்டுக்கு வைக்க அருமையான தண்ணி. குடிக்கணும்னா வடிகட்டிக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

ரெண்டாவது வழி, கிணறு இருந்தா கிணத்துக்கு விடலாம். நேரா விடக் கூடாது. மணல், கூழாங்கல், ஜல்லி போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி வழியா விடணும். மூணாவது, உறிஞ்சு குழி. மூணடிக்கு மூணடி, அஞ்சடி ஆழம். அடியில பெரிய ஜல்லி, நடுவுல கூழாங்கல், மேலே மணல். சுவர்ல இருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், செப்டிக் டேங்க் பக்கமே வேண்டாம். கரிசல் மண் பூமியில வெறும் குழி உறிஞ்சாது. அங்கே குழிக்குள்ள கீழ் மண் வரைக்கும் துளை போட்டு விடணும், இல்லைன்னா கொசுக் குட்டை ஆகிடும்.

கொசுன்னு சொன்னதும் ஒண்ணு. டெங்கு பரப்புற கொசு சாக்கடையில வளர்றதில்லை, நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். முட்டை கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். வாட்டம் இல்லாத தளம், அடைச்ச குழாய், குழாய்க்குக் கீழே தோண்டிக்கிட்ட பள்ளம், மூடாத டிரம், நாலுமே அதுக்கு வீடு. டிரம்முக்கு மூடியும், வாய்க்கு நைலான் வலையும் கட்டாயம். வாரம் ஒரு தடவை உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும், ஏன்னா முட்டை பக்கச் சுவர்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

பக்கத்து வீட்டைப் பத்தியும் சொல்லியாகணும். நம்ம ஊர்ல எத்தனை சண்டை இந்த ஒரு முழக் குழாயால வந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும். இவங்க தளத்துத் தண்ணி அவங்க வாசல்ல விழும். முதல்ல பேச்சு நிக்கும், அப்புறம் குழுக் கூட்டத்துல ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உட்கார மாட்டாங்க. கடைசியில ஊக்குநர் வந்து பஞ்சாயத்துப் பண்ணணும். நம்ம தளத்துத் தண்ணி நம்ம இடத்துலயே இறங்கணும். பத்தடிக் குழாய் போட்டா அந்தச் சண்டையும் வராது.

வீடு கட்டும்போது நம்மகிட்ட என்ன கேட்கிறாங்க? அடுப்பு எந்தப் பக்கம், அலமாரி எத்தனை, சாமி படம் எங்கேன்னு கேட்பாங்க. குழாய் எங்கே இறங்கணும்னு கேட்கிறதில்லை, அது ஆம்பளைங்க விஷயம்னு விட்டுடறோம். ஆனா ஓதம் அடிச்ச சுவரைத் தேய்க்கிறது யாரு? அரிசி மூட்டையை இடம் மாத்தி வைக்கிறது யாரு? குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்குழாய்க்குப் போறது யாரு? காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில உட்கார்றது யாரு? நாமதானே. பல வீடு இன்னைக்குப் பெண்கள் பேர்லயே இருக்கு, தவணையும் நாமதான் கட்டுறோம். அதனால “மேஸ்திரி அண்ணே, தண்ணி எங்கே இறங்குது?”ன்னு கேட்கிற உரிமையும் நமக்குத்தான்.

தமிழ்நாட்டுல வருஷத்துக்குச் சராசரியா 90 சென்டிமீட்டருக்கு மேலே மழை பெய்யுது. அதுல ஏறக்குறைய பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்துடும். 300 சதுர அடித் தளத்துல சிதறுறது, விட்டுடறது போக வருஷத்துக்கு 20,000 லிட்டர் தேறும். 1,300 குடத்துக்கு மேல. அவ்வளவையும் ஒரு டிரம்ல பிடிக்க முடியாதுதான். பிடிக்க முடிஞ்சதைப் பிடிச்சு, மிச்சத்தை மண்ணுக்குள்ள அனுப்பினா நம்ம தெரு போர்லதான் அது திரும்ப வரும்.

கடைசியா, கூட்டமைப்புக்கு என்னோட கோரிக்கைகள் நாலு. தீர்மானமாப் போட்டா சந்தோஷப்படுவேன்.

ஒண்ணு, வீடு கட்ட, வீடு பழுது பார்க்கக் கடன் கேட்டு வர்ற மனுவுல “மழைத்தண்ணி எங்கே இறங்குகிறது?”ன்னு ஒரு வரி சேர்ப்போம். கடைசித் தவணை கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு உறுப்பினர் போய்ப் பார்த்துட்டு வரட்டும்.

ரெண்டு, ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, புரட்டாசியில ஒரு வாரம் ஒதுக்குவோம். ஒவ்வொரு குழுவும் அவங்க உறுப்பினர் வீட்டுத் தளத்தைப் பெருக்கி, சல்லடையைக் கழுவி, ஒரு குடம் தண்ணி ஊத்திக் குழாயைச் சோதிக்கணும். தனியா ஏற முடியாத வயசான அம்மாக்கள் வீட்டுக்கு மத்தவங்க போகணும். ஏணி ஏறும்போது கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஈரத்தளத்துல ஏறக் கூடாது.

மூணு, குழாய், எல்போ, கிளாம்ப்பு, சல்லடை எல்லாத்தையும் கூட்டமைப்பு மூலமா மொத்தமா வாங்குவோம். ஒருத்தர் போய்க் கேட்கிற விலையும் நூறு பேருக்குச் சேர்த்துக் கேட்கிற விலையும் ஒண்ணா இருக்காது. ஒரு வீட்டுக்கு ஆகிற செலவு சின்ன உள்கடன்ல முடிஞ்சுடும்.

நாலு, இந்த வேலையைக் கத்துக்க ஒவ்வொரு ஊராட்சியில இருந்தும் ரெண்டு பெண்களை அனுப்புங்க. நான் சொல்லித் தர்றேன். ரம்பம், அளவு டேப்பு, ரசமட்டம், பசை டப்பா, இவ்வளவுதான் முதலீடு. “பொம்பளை ஏணி ஏறலாமா?”ன்னு என்னையும் கேட்டவங்க உண்டு. இப்போ அவங்க வீட்டுக் குழாய் அடைச்சா எனக்குத்தான் போன் வருது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. வாசலுக்கு வெளியே நின்னு, நிமிர்ந்து உங்க தளத்துக் குழாயைப் பாருங்க. அது தரை வரைக்கும் வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா எத்தனை அடி குறையுதுன்னு அளந்து, அடுத்த குழுக் கூட்டத்துல சொல்லுங்க. அதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க.